காய்ந்ததற்கு ஒரு வெள்ளைக் கோடு

எனக்குப் பொய் சொல்ல வராது. என் மனைவி மேனுகாவைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாள். பொய் சொல்ல வாயெடுத்தாலே என் காது இரண்டும் சிவந்துவிடும் என்று இருபது வருஷமாகக் கேலி செய்கிறாள். அதனால்தான், ரக்‌ஷனா மேடம், பணியிட விபத்து விசாரணைக்காக உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை வந்தபோதும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பழைய வாக்குமூலங்களை எடுத்துப் பாருங்கள். மழை பெய்ததா என்று கேட்டீர்கள், பெய்தது என்றேன். மோல்ட்டைக் காயவைப்பது யார் வேலை என்று கேட்டீர்கள், என் வேலை என்றேன். ரிமோட் செட் எங்கே இருந்தது என்று கேட்டீர்கள், ஸ்டோர் அலமாரியில் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், நீங்கள் கொடுத்த மைலோவைக் குடித்தேன், வீட்டுக்கு வந்தேன்.

இது நான்காவது. இதற்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோ பாயோ வீட்டில், சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டு மேசையைத் துடைத்து, நானாகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பின்னால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே சிங்கப்பூரில் மண்ணுக்கடியில் போகும் எஃகுக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, அதில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதற்குக் குழாயோடு செம்புக் கம்பியை ஒட்ட வேண்டும். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. இரண்டு கைக்குள் அடங்கும் கரிக்கட்டி அச்சு, அதாவது மோல்ட் ஒன்று, அதற்குள் கொட்ட ஒரு குப்பிப் பொடி, பற்றவைக்க ஒரு பொறி, அவ்வளவுதான். சில விநாடிகளில் பொடி உருகிய செம்பாகிக் கீழே இறங்கிக் கம்பியையும் குழாயையும் ஒன்றாக்கிவிடும். பற்றவைக்க இரண்டு வழி இருக்கிறது. பழைய வழி, கன். அடுப்பு லைட்டர் மாதிரிதான். அழுத்தினால் பொறி பறக்கும். ஆனால் கை மோல்ட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும், கைக்குப் பின்னாலேயே முகமும் போகும். புது வழி, ரிமோட் செட். ஆறடி வயரின் மறுமுனையில் நின்று பட்டனை அழுத்தலாம். எங்கள் கம்பெனியில் இரண்டும் உண்டு. ரிமோட்டை வாங்கச் சொல்லி ஒரு வருஷம் நச்சரித்து வாங்கவைத்தது நான்தான்.

இந்த வேலைக்கு எதிரி ஈரம். மோல்ட்டில் ஈரம் இருந்தால் உருகிய செம்பு கீழே இறங்காது, மேலே துப்பும். அதனால் நாளின் முதல் ஒட்டுக்கு முன்னால் மோல்ட்டை கேஸ் டார்ச் நெருப்பில் காட்டிக் காயவைக்க வேண்டும். மழைநாள் என்றால் ஒவ்வொரு ஒட்டுக்கும். சிரமம் என்னவென்றால், காய்ந்த மோல்ட்டும் ஈர மோல்ட்டும் ஒரே கறுப்புத்தான். தடித்த தோல் கையுறைக்குள் சூடும் சரியாகத் தெரியாது. முகைதீன் பாய் இதற்கு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காயவைக்கிறவன் பற்றவைக்கக் கூடாது, பற்றவைக்கிறவன் காயவைக்கக் கூடாது. காயவைத்தவன் கைப்பிடியில் சாக்பீஸால் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். ஒட்டு முடிந்ததும் மற்றவன் அதைத் துடைத்துவிட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் இது. பத்தொன்பது வருஷம் கோட்டை நான் போட்டேன், நெருப்பை அவர் வைத்தார். கோட்டைப் பார்த்துவிட்டால் அவர் மேற்கொண்டு எதையும் சோதிக்க மாட்டார்.

முகைதீன் பாயை நீங்கள் கண்ணில் கட்டுப்போட்ட பிறகுதான் பார்த்தீர்கள். முன்பு பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்கும். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பேச்சு அதிகம், கோபம் குறைவு. ஒட்டின கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, அது அசையாமல் நின்றால், "பார்த்தியா, மாமியார் வீட்டு உறவு மாதிரி ஒட்டிக்கிச்சு லா" என்பார். என் பெயர் யதீசன், அவருக்கு யதீ. நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் என்பதால் கோபத்தில் மட்டும் கிளார்க்கு. அது உண்மையும்தான். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பேனா பிடித்தவர்கள். அப்பா கந்தப்பு செம்பவாங் கப்பல் பட்டறையில் கடைசிவரை கிளார்க்காக இருந்தவர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதுதான் எங்கள் வீட்டுச் சொத்து. நான் எழுதும் ஆய்வு அறிக்கையை மாதிரி என்று சொல்லிப் புதியவர்களுக்குக் காட்டுவார்கள்.

அந்த அறிக்கையில்தான் வினை வந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் குழாயின் தடிமனை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். துருவில் தேய்ந்து மெலிந்த இடத்தில் ஒட்டினால் உருகிய செம்பு குழாயையே துளைத்துவிடலாம். உள்ளே போவது எரிவாயு. சென்ற வருஷம் செம்பவாங்கில் வேலை நடந்தபோது மீட்டரைச் சரிபார்க்க அனுப்பியிருந்தோம். மூன்று நாளில் வர வேண்டியது ஒன்பது நாள் ஆனது. வேலையை நிறுத்தினால் ஏன் வேறு மீட்டர் ஏற்பாடு செய்யவில்லை என்று கேட்பார்கள், அது என் பொறுப்பு. நான் நிறுத்தவில்லை. பதினொரு இடத்துக்குப் பழைய வரைபடத்தைப் பார்த்துத் தடிமனை எழுதினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றில் கொஞ்சம் கூட்டினேன், ஒன்றில் கொஞ்சம் குறைத்தேன். ரொம்ப இயற்கையாக இருந்தது.

நாலு மாதம் கழித்து பாய் ஏதோ ஒரு கிளிப்பைத் தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தார். மீட்டர் திரும்பி வந்த சீட்டு அதில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டு வாங்கியவரே அவர்தான். தேதியைப் பார்த்தார். பிறகு செம்பவாங் ஃபைலை எடுத்துப் பார்த்தார்.

புதன்கிழமை தேக்கா மார்க்கெட்டில் பிரியாணிக் கடைக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் கேட்டார். சாப்பாடு வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"மீட்டர் ஒன்பதாந்தேதிதான் வந்துச்சு. நீ மூணாந்தேதிலேர்ந்து நம்பர் எழுதிருக்க. எப்படி யதீ?"

நான் பிரியாணியைக் கரண்டியால் கிளறினேன். காது சிவந்திருக்கும்.

"அந்தப் பதினொரு இடத்துலயும் குழிக்குள்ள நின்னு நெருப்பு வச்சது நான். சரி, என்னை விடு. கேஸ் லைன் லா அது. பக்கத்துல பிள்ளைங்க விளையாடுற இடம். தோண்டித் திரும்ப அளக்கணும்."

"பாய், இது தெரிஞ்சா என் கதை முடிஞ்சது. அடுத்த மாசம் தர ஆய்வுக்கு என்னைத் தலைவராப் போடுறாங்க."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட முதல்ல கேக்குறேன். நீயே போய் சொல்லு. நானும் கூட வந்து உக்காந்துக்கிறேன். தப்பு எல்லாரும் பண்றதுதான், சொல்லிட்டா பாதி போயிடும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு ஆபீசுக்கு வருவேன். அதுக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. என் தட்டில் ஒரு துண்டுக் கறியை எடுத்து வைத்தார். எனக்கு அவர்மேல் அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. அவர் சொன்னது சரி என்று அந்த மேசையிலேயே எனக்குத் தெரியும். ஆனால் கெட்டிக்காரன் என்ற பெயரைத் தவிர நாற்பத்தெட்டு வயதில் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அவகாசம். வெள்ளிக்கிழமை அவர் ஆபீசுக்கு வராமல் இருந்தால் போதும். கையில் ஒரு சின்னச் சூடு, இரண்டு வாரம் லீவு, அதற்குள் நான் ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம். முன்பு ஒரு தடவை தோ பாயோவில் ஈர மோல்ட் துப்பி அவர் முழங்கையில் ஒரு பட்டாணி அளவு தழும்பு உண்டு. அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கோடு வழக்கமே வந்தது. அந்த அளவைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஒரு பட்டாணி.

அன்று சாயங்காலம் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஸ்டோரில், வேனிலிருந்து ரிமோட் செட்டை இறக்கி மேல் அலமாரியில் வைத்தேன். அதைத்தான் நீங்கள் பிறகு பார்த்தீர்கள். யார் வைத்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை குவீன்ஸ்டவுனில் வேலை. காலை பத்து மணி. மழை பெரிதாக இல்லை, தூறல். குழிக்கு மேலே கூடாரத் துணி கட்டியிருந்தது. போக்குவரத்துப் பலகையோடு எங்கள் உதவியாள் ரஃபீக் சாலையோரம் நின்றான். குழிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பாய் குழாயின் மேல்பூச்சைச் சுரண்டி, அரத்தால் தேய்த்து, எஃகை வெள்ளி மாதிரி ஆக்கினார். நான் தடிமனை அளந்தேன். அன்று உண்மையாகவே அளந்தேன், இரண்டு தடவை. ரிமோட்டைக் காணோம் என்றார் பாய். "ஸ்டோர்ல விட்டுட்டேன் போல பாய், எடுத்துட்டு வரவா, போய் வர ஒரு மணி நேரம் ஆகும்" என்றேன். அவர் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ரஃபீக்கை மழையில் நிறுத்திவைக்க மாட்டார். "கன் இருக்குல்ல, அதுலயே முடிச்சிடலாம்" என்றார்.

மோல்ட்டைக் காயவைக்க எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனேன். டார்ச்சைப் பற்றவைத்தேன். அந்த உஸ் சத்தம் கேட்காவிட்டால் பாய் எட்டிப் பார்ப்பார். இரண்டு நிமிஷம் டார்ச் தன்பாட்டுக்குத் தரையைப் பார்த்து எரிந்தது. அந்த இரண்டு நிமிஷமும் மோல்ட்டை வேன் கூரையின் ஓரத்தில், தண்ணீர் சொட்டும் இடத்தில், வாய் திறந்து பிடித்திருந்தேன். பிறகு தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வெளிப்பக்கத்தைத் துணியால் ஒற்றினேன். கைப்பிடியில் கோடு போட்டேன். சாக்பீஸ் ஈரத்தில் சரியாக விழவில்லை, இரண்டாவது தடவை அழுத்திப் போட்டேன். என் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது, மேடம். நடுங்கவில்லை.

அவர் வாங்கிக் கோட்டைப் பார்த்தார். குழாய்மேல் பொருத்தி, உள்ளே பொடியைத் தாங்கும் தகட்டை வைத்தார், பொடியைக் கொட்டினார், மூடினார். "காஞ்சிடுச்சுல்ல?" என்று கேட்டார். கோடு இருக்கும்போது அவர் அப்படிக் கேட்பதே இல்லை. ஏன் கேட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ரிமோட் இல்லாததால் இருக்கலாம். முந்திய நாள் பேசிய பேச்சுக்குப் பிறகு என்னிடம் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்துக் கேட்டதாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அதை நினைக்கும்போதுதான் சோறு இறங்குவதில்லை.

"காஞ்சிடுச்சு பாய்" என்றேன். நான் பொய் சொன்னதில்லை என்று மேலே எழுதியது உங்களிடம் சொன்னதைப் பற்றி.

பிறகு நான் நான்கு எட்டுப் பின்னால் போய் நின்றேன். வழக்கமாக இரண்டு எட்டுத்தான் போவேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உங்கள் அறிக்கையில், அவர் முகத்தடுப்பை இறக்காமல் கன்னைப் பயன்படுத்தினார், தன் பாதுகாப்பைத் தானே அலட்சியம் செய்தார் என்று இருக்கிறது. அவர் இறக்கவில்லை என்பது உண்மை. இரண்டு வருஷமாகத் தள்ளி நின்று பட்டன் அழுத்திப் பழகியவர். தூறலில் அவருடைய கண்ணாடி பனி பிடித்து, மூடி ஓரத்தில் பொறி பிடிக்கும் பொடி சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், முகத்தடுப்பை நெற்றிக்கு ஏற்றினார், குனிந்தார். முகத்தடுப்பைத் திரும்ப இறக்க மறந்துபோனார். அவர் அடிக்கடி மறப்பார். "பாய், இறக்குங்க" என்று நான் சொல்லுவேன். "சரி கிளார்க்கு" என்று இறக்குவார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன். மாமூலாக வாயிலிருந்து தானாக வரும்.

அன்றும் வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகம் முழுவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது; மீசை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட. ஒரு பட்டாணி போதும் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் உண்மையாக இருந்தால் அப்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன். நான் சொல்லவில்லை. அவர் விரல் கன்னை அழுத்தும்வரை மூன்று விநாடி இருந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மோல்ட் துப்பியது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாராட்டியும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றினேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. "யதீ, உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், பகலா இரவா என்று சொல்லுவார். மழை மறுபடியும் மோல்ட்டை நனைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். வெள்ளைக் கோடு என் பக்கம் சாட்சி சொன்னது.

வெள்ளிக்கிழமை அவர் ஆபீசுக்கு வரவில்லை. செம்பவாங்கைப் பற்றி அவர் அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு ஒரு வேலைக்காக அந்தப் பதினொரு குழிகளையும் திறக்க வேண்டி வந்தது. நானே அளந்தேன். எல்லா இடத்திலும் குழாய் கெட்டியாக, புதுசுபோல இருந்தது. அதாவது நான் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். அன்று அந்தக் குழியில் உட்கார்ந்து அழுதேன். மீட்டரை நனைத்துவிடுவேனோ என்று மேலே இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போகிறேன். பேப்பர் படித்துக் காட்டுவேன், கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போவேன். அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா முன்பெல்லாம் வாசலுக்கே வந்து கூப்பிடுவார். இப்போது கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறார். "ஒவ்வொரு வாரமும் எதுக்கு தம்பி சிரமப்படுறீங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். களைப்பு, பாவம்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் துறையின் பாதுகாப்புக் கூட்டம். இருநூறு வெல்டர்கள் வருவார்கள். பாயைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தன்னால் இன்னும் நாலு பேருக்குப் பிரயோசனம் இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பேச்சை எழுதிக் கொடு என்று என்னைக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு பக்கம். நான் வரி வரியாகப் படிக்க, அவர் மனப்பாடம் செய்தார். நேற்று முழுவதையும் தடங்கல் இல்லாமல் சொல்லிக் காட்டினார். "என் பேரு முகைதீன். முப்பது வருஷமா வெல்டர். என் கண்ணு போனது வேற யாராலயும் இல்ல, என்னோட கவனக்குறைவாலதான்." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேன். கேட்கிறவர்கள் மனதில் பதியும்.

நேற்று அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். முகைதீன் பாய் எந்தத் தவறும் செய்யவில்லை. ரிமோட்டை எடுத்தது நான், மோல்ட்டை நனைத்தது நான், காயாததற்குக் கோடு போட்டது நான், முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்தது நான். அவருடைய கண்ணைப் பறித்தது நான். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். இந்தக் கடிதம் நாளைக் காலை உங்கள் மேசைக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் முடியும்வரை மட்டும் இதை யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. பாய் இதற்கென்று புதுச் சட்டை எடுத்திருக்கிறார், பேத்திக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார், இப்போது நிறுத்தினால் மனம் ஒடிந்துபோவார். அக்கா தான் அழைத்துப் போவதாகச் சொன்னதற்கு, யதீ இருக்கான்ல என்று சொல்லிவிட்டார். மேடைக்கு ஏழு படி இருக்கிறது, ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அவர் என் கையைத் தவிர வேறு யார் கையையும் நம்பி ஏற மாட்டார்.